கோதண்டபாணியின் கார்டுகள்

திண்டிவனம்
8.1.2012

அன்புள்ள அண்ணன் ஹமீதுக்கு, தங்கை முஸ்கான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோட்டக்குப்பத்தில் அத்தா, அம்மா, அண்ணி எல்லோரும் அல்லாஹ் கிருபையால் சுகம். உன் உடம்பு எப்படி? சவுதியில், தம்மாமில் குளிர் என்று வெள்ளிக்கிழமை ஃபோனில் சொன்னாய். அந்த ஃபோனில் வேறு என்னத்தைச் சொல்ல முடிகிறது! ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வீடே சுற்றி நிற்கிறது. அண்ணி வாயைத் திறப்பதற்குள் அத்தா "சாப்ட்டியாப்பா" என்று நாலு தடவை கேட்டு முடித்துவிடுகிறார். அதனால்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தமிழில் தட்டி அனுப்புகிறேன். நீயும் தட்டு.

சேதி என்னவென்றால், எங்கள் முதலாளி சக்கரபாணி சார் என்னைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். அஜைல் என்று ஒரு முறை. இத்தனை நாள் நாங்கள் எப்படி வேலை செய்தோம்? ஆறு மாசத்துக்கும் சேர்த்துத் திட்டம் போட்டு, தலையணை கனத்துக்கு எழுதி, கடைசியில் சாஃப்ட்வேரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் "நாங்க கேட்டது இது இல்லீங்களே" என்பார்கள். இந்த முறையில் இரண்டு வாரத்துக்கு ஆகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். முடித்ததும் அதை உபயோகிக்கப் போகிறவர்களிடமே காட்டித் திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி இரண்டு வாரம். வேலையெல்லாம் சின்னச் சின்னக் கார்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். காலையில் எல்லோரும் நின்றுகொண்டே மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய்? இன்று என்ன செய்யப் போகிறாய்? உனக்கு எது தடையாக இருக்கிறது?

அந்த வகுப்பில் பெரிய கம்பெனி மேனேஜர் ஒருவர், நரைத்த தலை, எழுந்து நின்று "எனக்கு இந்த இடம் புரியல, யாராவது ஹெல்ப் பண்ணுங்க" என்றார். அண்ணா, எனக்குப் புல்லரித்துவிட்டது. பெரிய ஆள் ஒருவர் பத்துப் பேர் முன்னால் அப்படிச் சொல்லி நான் பார்த்ததே இல்லை. நம் வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அத்தாவிடம் சொன்னேன். "நின்னுக்கினு பேசறதுக்கா ஆபீஸு? பஸ் ஸ்டாண்டுலயும்தான் எல்லாரும் நின்னுக்கினு பேசறான்" என்றார்.

இப்போது இதை எங்கள் ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டும். ஒலக்கூர் ரோஸ்லின், ஓமந்தூர் வேங்கடேசன், இன்னும் இரண்டு பேர். முதல் வேலை விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவுக்கு. கிட்னி கெட்டவர்களுக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற இடம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று நேரம் ஒதுக்குகிற சாஃப்ட்வேர். இப்போது அங்கே ஒரே குழப்பம். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவரை "மெஷின் காலி இல்ல, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

சரி, உனக்கும் அதே மூன்று கேள்வி. பதில் எழுது. வஸ்ஸலாம்.
முஸ்கான்


தம்மாம்
30.1.2012

அன்புத் தங்கை முஸ்கானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். அங்கே எல்லோர் நலத்துக்கும் துஆ செய்கிறேன். பதில் தாமதம், கோபிக்காதே. ஸ்டோரில் கணக்கெடுப்பு.

மேடம் கேட்ட கேள்விக்குப் பதில். நேற்று: வால்வும் பைப்பும் எண்ணினேன். இன்று: எண்ணியது சரியா என்று திரும்ப எண்ணுவேன். நம் அத்தா சொன்னதுதான் சரி. நின்றுகொண்டு பேசுவதை ஒரு படிப்பு என்று சென்னையில் விற்றிருக்கிறான், நீயும் வாங்கிவந்திருக்கிறாய்.

அந்த விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் எத்தனை மெஷின்? புது ஆள் போனால் இடம் கிடைக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான். உன் அண்ணி தாஜுன்னிசாவிடம் நான் சௌக்கியம் என்று சொல். வஸ்ஸலாம்.
ஹமீத்


திண்டிவனம்
12.2.2012

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். வீட்டில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் கேட்டது மூன்று கேள்வி, நீ சொன்னது இரண்டு. அது கிடக்கட்டும், என் கதையைக் கேள். முதல் இரண்டு வார வேலையைக் காட்ட, டயாலிசிஸ் பொறுப்பு நர்ஸ் அமலோற்பவமேரி சிஸ்டரையும் டாக்டரையும் ஆபீசுக்கு அழைத்தோம். வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி ஆகிவிட்டது. சக்கரபாணி சார் சமோசா, கேசரி, டீ எல்லாம் வரவழைத்தார். சுவரில் "நடக்குது" பகுதியில் இருந்த கார்டையெல்லாம் வேங்கடேசன் தூக்கி "முடிஞ்சது" பகுதியில் ஒட்டிவிட்டான். ஏண்டா என்றால், "வந்தவங்க முன்னாடி பாதி வேலையோட நின்னா நல்லாவா இருக்கும் மேடம்?" என்கிறான். சிஸ்டர் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு "ரொம்ப நல்லா இருக்குது" என்றார். டாக்டரும் "பிரமாதம்" என்றார். நாங்கள் கைதட்டிக்கொண்டோம்.

நேற்று விழுப்புரம் போய்ப் பார்க்கிறேன், ஒருவரும் அதைத் தொடவே இல்லை. மறுபடியும் காகிதத்தில்தான் எழுதுகிறார்கள். "என்னா சிஸ்டர், நல்லா இருக்குதுன்னீங்களே?" என்றேன். அந்தம்மா முகம் சிவந்துபோய், "உங்க எடத்துல உக்காந்து சாப்ட்டுட்டு, உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா கொற சொல்லுவேன்?" என்றார்.

நம் ஊரில் எவன் சாப்பிட்ட கையோடு குறை சொல்வான்? சென்னை வகுப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாவது தடவை காட்டுவதற்குள் சிஸ்டர் இதை உபயோகிக்கவில்லை என்றால் வேலை நம் கையை விட்டுப் போய்விடும், ஆட்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதுதான் என்று சார் சொல்லிவிட்டார்.

மெஷின் எட்டு. இரண்டு எப்போதும் ரிப்பேர். புது ஆளுக்கு இடம் இல்லை, வரிசையில் எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். எதற்குக் கேட்டாய்?
முஸ்கான்


தம்மாம்
4.3.2012

அன்புத் தங்கைக்கு, ஸலாமும் துஆவும். இங்கே சுகம். கேசரிக் கதையைப் படித்து நானும் அறையில் இருக்கிற கோதண்டபாணியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எதற்குக் கேட்டேன் என்றால் இந்தக் கோதண்டபாணிக்காகத்தான். நம் மயிலம் பக்கம், எங்கள் கம்பெனி டிரைவர். பாவம், இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊருக்கு வந்தால் மெஷின் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் என்ன கதி என்று கவலைப்படுகிறான். வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

நான் பார்த்திருக்கிறேன். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், கண்ணாடிக் குழல் மாதிரி ஒன்றுக்குள் புகுந்து, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வருகிறது. உள்ளே இருக்க வேண்டிய உயிர் கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். ரப்பே, இப்படி ஒன்றை மனுஷனுக்குத் தோன்றவைத்தாயே என்று வாயடைத்துப் போய்விட்டேன். உன் வேலை சாதாரண வேலை இல்லை. கிண்டல் செய்ததற்குத் தப்பாக நினைக்காதே.
ஹமீத்


திண்டிவனம்
11.3.2012

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். எல்லோரும் சுகம். அந்த அண்ணனின் உடம்பு இப்போது எப்படி? அவர் பெயரை நம் வீட்டில் நான் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்.

டீயை நிறுத்திவிட்டோம்! இந்த யோசனை ரோஸ்லினுடையது. "அவங்கள இங்க கூப்ட்டாதானே விருந்தாளி? நாம அங்க போயிட்டா நாமதானே விருந்தாளி" என்றாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போய், சிஸ்டர் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். அம்மாடி, என்ன திட்டு! "இத்தினி எடத்துல தட்டிக்கினு இருந்தா ஊசி யாரு போடறது? மஞ்சக்காமாலை கிருமி இருக்கறவங்களுக்குத் தனி மெஷினு, அதுகூடத் தெரியாமலா பண்ணீங்க? பேஜாரு புடிச்ச வேலை!" வேங்கடேசனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கோ பெருநாள் மாதிரி இருந்தது. மத்தியானத்துக்குள் ரோஸ்லின் அங்கேயே இரண்டு குறையைத் திருத்திக் காட்டினாள். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "காலையில சொன்னது மத்தியானமே வந்துடுச்சா!" என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நர்ஸ் தன் குறையைச் சொல்லிவிட்டார், நோயாளி என்ன நினைக்கிறார் என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே கேட்டால் "எல்லாம் நல்லா பாத்துக்கறாங்க" என்கிறார்கள். நாங்கள் கார்டு எழுதுவதற்கு ஒரு வகை இருக்கிறது. நான் யார், எனக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும். மூன்றே வரி. கோதண்டபாணி அண்ணனிடம் கேட்டு எழுதி அனுப்பு. அவருக்கு எங்களிடம் என்ன கூச்சம், முகம் தெரியாதே.
முஸ்கான்


தம்மாம்
24.3.2012

அன்புத் தங்கைக்கு, ஸலாம். சுகமே. கோதண்டபாணி சொல்லச் சொல்ல நான் எழுதியது:

நான் நோயாளி. என் முறை உண்டா இல்லையா என்று முந்தின நாளே ஃபோனில் தகவல் வர வேண்டும். ஏனென்றால் பஸ் ஏறிப் போய்த் திரும்புகிற அளவுக்கு உடம்பில் பலம் இல்லை.

நான் நோயாளி. என் பெயரை வராந்தாவில் சத்தமாகக் கூப்பிடக் கூடாது, எண்ணைச் சொன்னால் போதும். ஏனென்றால் எனக்கு இப்படி என்று என் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது.

நான் நோயாளி. கூடுமானவரை ஒவ்வொரு முறையும் அதே ஆட்களுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும். ஏனென்றால் பக்கத்துக் கட்டில்காரர் இன்றைக்கும் வந்திருக்கிறார் என்று பார்த்தால்தான் நானும் அடுத்த தடவை வருவேன் என்று நம்பிக்கை வருகிறது.

நான் நோயாளி. வெள்ளிக்கிழமை முறை வந்தால் காலையிலேயே முடித்து, பன்னிரண்டு மணிக்குள் விட்டுவிட வேண்டும்.

அவ்வளவுதான். உதவியாக இருந்தால் சந்தோஷம். புது ஆட்கள் வரிசை ஏதாவது நகர்ந்ததா?
ஹமீத்


திண்டிவனம்
15.4.2012

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். வீட்டில் சுகம். உன் சுகத்தை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

அந்தக் கார்டுகளைக் காலைக் கூட்டத்தில் நான் வாசித்தேன். மூன்றாவதை வாசித்ததும் ரோஸ்லின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். வேங்கடேசன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மேடம், பக்கத்துல பக்கத்துல போடறது எனக்குப் பண்ணத் தெரியல. ரெண்டு நாளா முடியாமத்தான் முழிச்சிக்கினு இருக்கேன்" என்றான். மூன்று மாசமாக எது கேட்டாலும் "ஆயிடும் மேடம்" என்று சொன்ன பையன்! எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. ரோஸ்லின் அவனோடு உட்கார்ந்தாள், அன்றே வழி கிடைத்துவிட்டது.

இப்போது முந்தின நாளே தகவல் போகிறது. வர முடியாதவர் பதில் அனுப்பினால் அந்த நேரம் வேறு ஒருவருக்குப் போகிறது. திருவெண்ணெய்நல்லூர் பெரியவர் ஃபோனைத் தூக்கிக் காட்டி, "எனக்கு மிசினே சேதி அனுப்புது பாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சிஸ்டர் காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வேலை எங்கள் கையில் நின்றுவிட்டது. ஒரு மனுஷன் மூன்று வரியில் கேட்டது, அவனைப் பார்த்தே இராத நாலு பேர் கை வழியாக, இத்தனை பேருக்குப் போய்ச் சேர்கிறதே என்று நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது.

நாலாவது கார்டில் "ஏன்" என்ற வரி இல்லை. ஏன் இல்லாத கார்டை நாங்கள் எடுப்பதில்லை. ரோஸ்லின்தான் கேட்டாள்: "மயிலம் கோதண்டபாணி அண்ணனுக்கு எதுக்குக்கா வெள்ளிக்கெழம பன்னெண்டு மணிக்குள்ள போவணும்? அது உங்க ஆளுங்கதானே ஜும்மா தொழுகைக்குப் போவாங்க?"

உன் பழைய கடிதங்களையெல்லாம் திரும்ப எடுத்தேன். அந்தக் குழாய் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எழுதினாயே, அதையும் எடுத்துப் படித்தேன்.

அண்ணா, மூன்றாவது கேள்விக்கு நீ ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. இப்போது சொல்.
முஸ்கான்


திண்டிவனம்
30.4.2012

அண்ணா, ஸலாம். இரண்டு வெள்ளிக்கிழமை ஃபோனில் மாங்காய் ஊறுகாய் பற்றிப் பேசிச் சிரித்தாய். நானும் சுற்றி நின்றவர்களோடு நின்று சிரித்தேன். என்னால் முடியவில்லை. எழுது.
முஸ்கான்


தம்மாம்
6.5.2012

என் தங்கம் முஸ்கானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான்தான். கோதண்டபாணி கடா மாதிரி இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை. என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போய், முடிகிறவரை வாசலில் காத்திருந்து கூட்டி வருகிறவன் அவன். அவன் பெயரை எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். "வச்சிக்கோ பாய், பேரு தேஞ்சா போயிடும்" என்றான்.

போன நவம்பரில் கால் வீங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு இரண்டும் போய்விட்டது என்றார். முதல் தடவை மெஷினில் படுத்தபோது அழுதேன். பிறகு அந்தக் குழாயில் ஓடுவதைப் பார்த்து, இன்னும் இருக்கிறேனே என்று அதிசயப்பட்டேன். சொல்ல நினைத்து ஒவ்வொரு வெள்ளியும் ஃபோனை எடுப்பேன். அத்தா "சாப்ட்டியாப்பா" என்பார். சாப்பிட்டேன் என்பேன். தாஜுன்னிசா மூச்சு விடுவது மட்டும் கேட்கும். இந்த உடம்பைக் கொண்டுபோய் அவள் முன்னால் எப்படி நிற்பேன்?

நீ கார்டு கேட்டாய். "நான் நோயாளி" என்று முதல் தடவையாக எழுதினேன். வேறொருவன் பெயரில்தான், ஆனாலும் எழுதிய பிறகு அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

தடை என்ன என்று கேட்டாயே. பயம். வேறொன்றும் இல்லை. இந்த உடம்பு என்பதால் ஜூன் கடைசியில் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். வந்தால் மெஷின் இல்லை, வராமல் இருக்கவும் முடியாது. வீட்டில் சொல்லாதே. நானே சொல்ல வேண்டும், எப்படி என்றுதான் தெரியவில்லை.
ஹமீத்


திண்டிவனம்
7.5.2012

அண்ணா, ஸலாம். ஆபீசில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். உன்மேல் அவ்வளவு கோபம். ஆறு மாசம்! நாளைக்கு எழுதினால் திட்டித் தீர்த்துவிடுவேன், அதனால் இன்றே எழுதுகிறேன்.

புது ஆட்கள் வரிசையில் உன்னைப் பதிந்துவிட்டேன், உன் பெயரிலேயே. உனக்கு முன்னால் ஆட்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் உன்னை மேலே தூக்கிப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. கை அங்கே போய்விட்டது, மறைக்கவில்லை. உனக்கு மேலே இருந்த பெயர்களைப் பார்த்தேன், கையை எடுத்துக்கொண்டேன். விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போய் சிஸ்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்ன எத்தினி நேரம் மிசினு சும்மா கெடந்துச்சு, யாருக்குத் தெரியும்? இப்பதான் ஒண்ணும் வீணாவறதில்லையே. வரிசை ஜல்தியா நகருதும்மா. ஜூனுக்குள்ள உங்க அண்ணன் மொற வந்துடும், தைரியமா வரச் சொல்லு" என்றார். யாரையும் தள்ளாமல் உனக்கு இடம் வருகிறது அண்ணா. உன் முதல் கார்டு செய்த வேலை இது.

வீட்டில் நான் சொல்லமாட்டேன். நீயே சொல். வெள்ளிக்கிழமை ஸ்பீக்கரில், எல்லோரும் நிற்கும்போதே சொல். வேங்கடேசனாலேயே முடிந்தது.
முஸ்கான்


கோட்டக்குப்பம்
12.5.2012

அன்புள்ள அண்ணனுக்கு, ஸலாம். நேற்று நீ சொல்லி முடித்துவிட்டு உடனே ஃபோனை வைத்துவிட்டாய். அதன்பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

அத்தா வழக்கம்போல் "சாப்ட்டியாப்பா" என்றதும் நீ "அத்தா, எனக்கு முடியல" என்றாயே, அப்போதே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீ சொல்லிக்கொண்டே போனாய். கிட்னி என்றாய், மெஷின் என்றாய், நவம்பர் என்றாய். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. நம் வீட்டில் அவ்வளவு நேரம் ஒருத்தர் பேசி மற்றவர்கள் கேட்டு நான் பார்த்ததே இல்லை. நீ வைத்த பிறகு அம்மா பெருங்குரலெடுத்து அழுதார். அத்தா, "எம்புள்ள இத்தினி நாளா எங்கிட்ட சாப்ட்டேன் சாப்ட்டேன்னே சொல்லிக்கினு இருந்தானே, நான் வேற ஒண்ணு கேக்கலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணி அழவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பி, வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம் என்றார். நாலு மணி நேரம் என்றேன். யாராவது கூட இருக்கலாமா என்றார். இருக்கலாம் அண்ணி, உள்ளேயே விடுவார்கள் என்றேன்.

"அப்ப அந்த நாலு மணி நேரமும் நான் எங்க உக்காருவேன்?" என்றார்.

அண்ணா, இத்தனை மாசம் அந்த அறைக்குப் போய் வந்திருக்கிறேன். கட்டில் உண்டு, மெஷின் உண்டு, கூட வந்தவர்கள் எல்லோரும் சுவரோரம் நின்றுகொண்டிருப்பார்கள். ஒரு நாற்காலிகூடக் கிடையாது. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அதைச் சொல்லப் போகிறேன். அண்ணி உனக்கு ஸலாம் சொன்னார். வஸ்ஸலாம்.
முஸ்கான்